மதாம் வாபஸ் வாங்கிய திருத்தம்

வெள்ளிக்கிழமை காலை காமாட்சி விளக்கைத் துலக்கித் திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். பிள்ளைச்சாவடியிலிருந்து முதல் பஸ்ஸில் மீன் கொண்டுவந்து ரெட்டியார்பாளையத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் விற்கிறவள். வெள்ளிக்கிழமைகளில் முதலில் மதாம் வீட்டுக்குத்தான் போவாள். அன்று மதாம் இறைச்சி தொடமாட்டார், மீன்தான். எங்கள் வீடு சைவம். அதிலும் வெள்ளிக்கிழமை எங்கள் வாசலில் அவளுக்கு வேலையே கிடையாது.

"இன்னாடி அஞ்சலை, கூடை எங்க?"

"மதாம் வூட்டு வாசல்லயே வச்சிட்டு வந்துட்டேன்க்கா. மதாம் பூட்டாங்க."

மதாம் இறந்துவிட்டார் என்கிறாள். ஆனாலும் திரியைச் சரிசெய்து விளக்கை ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்திருந்தால் மதாமுக்கே பிடித்திருக்காது. "உங்க சாமிய எனக்காகக் காக்க வைக்காதே கமலா. அப்புறம் அது எங்க மாதாகிட்ட வந்து புகார் சொல்லும்" என்று சிரிப்பார். போய்ப் பார்த்தபோது, தூங்கிக்கொண்டிருப்பதுபோலத்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த நம் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு சில நாள் மட்டும் வந்து போனவர்களுக்கும் விளங்கும்படி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

மர்கரீத் அம்மாள் என்பது அவர் பெயர்; பிரெஞ்சு வழக்கப்படி எங்களுக்கு மதாம். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே பிரசவ ஆஸ்பத்திரியில் தாதியாகச் சேர்ந்தவர். நம் ஊரில் பாதிப் பேரை முதலில் தொட்ட கை அவருடையதுதான். ஓய்வு பெற்றபின் ஏழைப் பெண்களுக்காக அலைந்தார். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. குடியரசுத் தலைவர் நியமிக்கிற உறுப்பினர்களில் ஒருவராக அவரை மாநிலங்களவைக்கு எடுத்திருந்தார்கள். மேல்சபை என்று நாம் சொல்வது அதைத்தான். ஆறு வருஷம் அங்கே இருந்தார். அவருக்குக் கட்சி கிடையாது. இப்படி ஓட்டுப் போடு என்று சொல்லக் கொறடாவும் கிடையாது. கூடவே சேர்ந்து ஓட்டுப் போடவும் யாரும் கிடையாது.

முதல் கூட்டத்தொடர் முடிந்து ஒரு கட்டு மசோதாக்களோடு வந்தார். மேசைமேல் போட்டுவிட்டு, "ரெண்டு நாளா படிக்கிறேன் கமலா, ஒரு மனுஷ முகமும் தெரியல" என்றார். அன்றைக்கு மில் வேலையிலிருந்து நின்றுவிட்ட கோவிந்தன் அண்ணன் அங்கே குழாய் பழுது பார்க்க வந்திருந்தார். "நில்லு கோவிந்தா. நீதான் இந்த ஷரத்து. கமலா, நீ உன் குறையோட அவன்கிட்ட போ" என்றார் மதாம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் பிறந்தது. அவர் காலைப் பூசை முடிந்து வருவார், நான் கோயிலுக்குப் போய் வருவேன். பத்து மணிக்கு ஒரு ஷரத்தை அவர் தமிழில் சொல்வார். ஒருவர் அதிகாரி, ஒருவர் மனு கொடுக்க வந்தவர். நடித்துப் பார்ப்போம். எங்கே இடிக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். "சட்டத்தைத் தனியா உக்காந்து படிச்சா எல்லாம் சரியாத்தான் இருக்கும். எதிர்ல ஒரு ஆள நிக்க வச்சுப் படிக்கணும்" என்பது அவர் வார்த்தை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிறகு நானாகப் படித்ததெல்லாம் மளிகைப் பொட்டலக் காகிதமும், கோயிலில் வாங்கிய தோத்திரப் புத்தகமும், மதாம் வீட்டு மசோதாக்களும்தான். பெரும்பாலும் எனக்கு அதிகாரி வேஷம்தான் கிடைக்கும். பால்காரரிடம்கூட நாள், தேதி கேட்டு எழுதிவைக்கிறவள் என்பது தெருவுக்கே தெரியும். "கமலா அக்காவ தாண்டிப் போயிட்டா கலெக்டர தாண்டின மாதிரி" என்று கோவிந்தன் அண்ணன் கிண்டல் செய்வார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அந்தப் பெருமை ஒருநாள் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் இன்னொன்று. இரண்டாவது வருஷமோ என்னவோ, ஒரு மசோதாவில் வேலைக்குப் போகும் பெண்கள் பால் கொடுக்க ஓர் அறை வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். குரல் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் 'ஆம்' சொல்லுங்கள் என்று கேட்டபோது அவர் ஒருவர்தான் சொன்னாராம். எதிர்ப்புக் குரல் கூரையைத் தூக்கியதாம். நாங்கள் முகம் வாடி உட்கார்ந்திருந்தோம். அவர் காபி ஆற்றிக்கொண்டே, "அவ்வளவு பெரிய மண்டபத்துல என் குரல் எனக்கே எவ்வளவு நல்லா கேட்டிச்சு தெரியுமா? பாட்டு கத்துக்கிட்டிருக்கலாம்" என்றார். தோற்றுவிட்டு இப்படிச் சிரிக்கிற ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. கைவிடப்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி மேல்சபைக்கு வந்திருந்தது. நல்ல மசோதா. பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளை வைத்துப் பிச்சை எடுக்கிறவர்களைப் பிடிப்பதற்கு வந்தது. அதில் ஒரு ஷரத்து: பெற்றோர் இல்லாத குழந்தையை வைத்திருப்பவர் எவரானாலும் ஏழு நாளைக்குள் அதிகாரி முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தவறினால் குழந்தையை எடுத்து இல்லத்தில் சேர்த்துவிடலாம். மதாம் இதைச் சொல்லி முடித்துவிட்டுக் காபி போட உள்ளே போனார். அப்போது அஞ்சலை கூடையோடு பின்வாசல் வழியாக வந்தாள். அவள் மகள் பூங்காவனத்துக்கு அப்போது ஆறு வயது. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பெண்ணும் கூடவே வருவாள். அன்று வரவில்லை.

"தோ, ஆளு கெடச்சாச்சு. அஞ்சலை, கூடைய எறக்கிட்டு அக்கா முன்னாடி நில்லு" என்றார் கோவிந்தன் அண்ணன்.

"இன்னாத்துக்குண்ணே?"

"சட்டம் பேசுறோம். கேக்குறதுக்குப் பதில் சொல்லு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிரே அரசாங்க முத்திரை போட்ட அச்சுக் காகிதம். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "உன் பேர் என்ன?" என்றேன்.

"அஞ்சலை. இன்னாக்கா, உனுக்குத் தெரியாதா?"

"அக்கா இல்ல, ஆபீசர். உன்கிட்ட குழந்தை இருக்கா?"

"பூங்கா கீதே."

"நீ பெத்ததுக்கு என்ன அத்தாட்சி? பிறந்த சீட்டு எங்க? அதுல தாயார்னு யார் பேர் இருக்கு?"

அவள் முகம் வெளிறிவிட்டது. சும்மாடு கையிலிருந்து நழுவி விழுந்தது. என்னமாய் நடிக்கிறாள் என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். கோவிந்தன் அண்ணன் "சபாஷ்!" என்று கைதட்டினார். அந்த உற்சாகத்தில் நான் ஒரு சோடா மூடியை எடுத்துக் காகிதத்தின்மேல் முத்திரை குத்துவதுபோல் குத்தினேன்.

"சீட்டு இல்ல. ஆகவே ஏழு நாளைக்குள்ள குழந்தைய ஒப்படைக்கணும். இல்லாட்டி போலீசு வந்து எடுத்துக்கிட்டுப் போகும். அடுத்த ஆள்!"

அஞ்சலை கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனாள். கொண்டுவந்த மீனைக் கொடுக்கவும் இல்லை. மதாம் காபித் தட்டோடு வந்தார்.

"அஞ்சலை குரல் கேட்டிச்சே, எங்க?"

"பிரமாதமா நடிச்சா மதாம்! கடைசியில கண்ணுல தண்ணியே வந்திடுச்சு" என்றேன் நான்.

அவர் தட்டை மேசைமேல் வைத்தார். வைத்த கை தட்டைவிட்டு வரவில்லை. "பூங்காவப் பத்தி ஏதாவது கேட்டியா?"

சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அது நடிப்பில்ல கமலா" என்றார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பிரசவ வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பெண்கள். ஒருத்தி அஞ்சலை. அவள் குழந்தை பிறந்து சிறிது நேரத்திலேயே போய்விட்டது. மற்றவள் எந்த ஊர் என்றும் சொல்லாமல் தனியாக வந்தவள். பெண் குழந்தையைப் பெற்றுவிட்டுக் காய்ச்சலில் மூன்றாம் நாள் இறந்துபோனாள். தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. பசியில் வீறிட்ட குழந்தையை மதாம் எடுத்து, பால் கட்டி வலியில் துடித்த அஞ்சலையின் மடியில் போட்டார். அவ்வளவுதான். ஆனால் மதாம் முறை தவறாதவர். மேரி என்று நாம் சொல்லும் நகராட்சி அலுவலகத்துப் பதிவேட்டில், பிரெஞ்சுக் காலத்துப் பழக்கப்படி, உரிய நாளிலேயே பிறப்பைப் பதிந்திருந்தார். அதில் தாய் இறந்துபோனவள்தான். அஞ்சலையின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவள் புருஷனைத் தவிர ஊரில் யாருக்கும் இது தெரியாது. அவனும் கடலில் போய்விட்டான்.

"குழந்தைய குடுத்தவ நானு. எழுதிக் குடுக்காம விட்டவளும் நானு. தண்டனை மட்டும் அவளுக்கா?" என்றார் மதாம்.

அன்று பிற்பகலே நாங்கள் இருவரும் பிள்ளைச்சாவடிக்கு பஸ் ஏறினோம். அஞ்சலை வீடு பூட்டியிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானா அந்த ஆபீசரு? மூக்குக் கண்ணாடி போட்ட ஆபீசரம்மா?"

"ஐயோ, நான் ஆபீசர் இல்லம்மா. வீட்டுல இருக்கிறவ. சும்மா விளையாட்டுக்கு..."

"வெளாட்டா? ஆறு வருசமா தலையில தூக்கி வச்சி வளத்த புள்ளைய புடுங்கறது உங்களுக்கு வெளாட்டா? ரெட்டியார்பாளையத்துல வேற வெளாட்டே கெடைக்கலியா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அஞ்சலை கடலூர்ப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. எந்தக் குப்பம் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மதாம் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. "பொய்யா ஒரு ஆபீசர் சொன்னதுக்கே வூட்டப் பூட்டிக்கிட்டு ஓடிட்டா. நெஜ ஆபீசர் வந்தா ஊருக்கு ஊர் எத்தனை பேர் ஓடுவாங்க? இத அங்க சொல்லியாகணும்" என்றார். திங்கட்கிழமை சென்னைக்குப் போய் டெல்லிக்கு விமானம் ஏறினார். திருத்தத்தை அதற்குள் என் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்தே எழுதி முடித்திருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு குடும்பத்தில் வளரும் குழந்தையை விசாரணை முடியாமல் எடுக்கக்கூடாது. விசாரணையில் வளர்த்தவளைத்தான் முதலில் கேட்க வேண்டும். இரண்டே வரி.

சபையில் நடந்ததை அவர் வாயால் கேட்டதோடு, பின்னால் வந்த அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பையும் தமிழில் சொல்லச் சொல்லி எழுதிவைத்திருக்கிறேன். அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். ஷரத்து ஷரத்தாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் முறை வந்ததும் எழுந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்ததை அப்படியே சொன்னார். சோடா மூடி வந்த இடத்தில் சிலர் சிரித்தார்களாம். பிறகு, "அந்தக் குழந்தையை எந்தக் காகிதமும் இல்லாமல் எடுத்துக் கொடுத்த தாதி நான்தான். உங்கள் சட்டப்படி குற்றம் செய்தவள் இதோ உங்கள் முன் நிற்கிறேன்" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அமைச்சர் எழுந்து பதில் சொன்னார். அம்மையாரின் கவலை நியாயமானது. ஆனால் இங்கே ஒரு சொல்லை மாற்றினாலும் மசோதா திரும்ப மக்களவைக்குப் போக வேண்டும், மக்களவைக் கூட்டமோ நேற்றே முடிந்துவிட்டது, அடுத்த தொடர் வரை மசோதா கிடப்பில் கிடக்கும். ஆகவே இதை விதிகளில் பார்த்துக்கொள்கிறோம், திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும். எதிர்வரிசையில் பலர் எழுந்து, வாபஸ் வாங்காதீர்கள், நாங்கள் ஓட்டுப் போடுகிறோம் என்று கூச்சலிட்டார்கள். அன்று ஆளும் வரிசையில் பாதி நாற்காலிகள் காலி. ஓட்டெடுப்பு நடந்திருந்தால் மதாம் ஜெயித்தும் இருக்கலாம்.

மதாம் அமைச்சரைப் பார்த்து, "பார்த்துக்கொள்கிறோம் என்பது எனக்குப் போதாது. விதியில் என்ன எழுதப்போகிறீர்கள்? அதை இப்போது இங்கே வாசியுங்கள்" என்றார். அவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர், நேரமில்லை என்றார். "நான் நின்றுகொண்டே இருக்கிறேன், எனக்குப் பழக்கம். பிரசவத்துக்கு எத்தனையோ முறை காத்து நின்றிருக்கிறேன்" என்றார் மதாம். அமைச்சர் அதிகாரிகள் உட்காரும் பக்கம் திரும்பினார். ஒரு சீட்டு வந்தது. அமைச்சர் படிக்க, மதாம் கேட்டு, ஒரு சொல் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி ஒரு சீட்டு. அமைச்சர் அதை எழுந்து நின்று வாய்விட்டுப் படித்தார். எங்கள் இரண்டு வரியும் அதில் அப்படியே இருந்தன. பிறகுதான் மதாம் சபையின் அனுமதியோடு தம் திருத்தத்தை வாபஸ் வாங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் அண்ணன் கையில் பத்திரிகையோடு காத்திருந்தார். "நாங்க ஓட்டுப் போடறோம்னு அவ்வளவு பேரு சொன்னாங்களாமே. கையில வந்தத வாபஸ் வாங்கிட்டு வந்துட்டீங்களே மதாம்!"

"ஜெயிச்சிருந்தா மசோதா நின்னிருக்கும் கோவிந்தா. பஸ் ஸ்டாண்டுல இருக்கிற பிள்ளைங்க இன்னும் ஆறு மாசம் கை நீட்டிக்கிட்டே இருக்கும். நம்ம ஒரு பொண்ணுக்காக அதுங்கள நிறுத்தி வைக்க மனசு வரல."

"அப்ப நம்ம பொண்ணு?"

"அதுக்குத்தான் அவர் வாயால படிக்க வச்சேன்."

"மந்திரி வாயி, மதாம். மழை மேகம் மாதிரி. எந்த ஊருக்குப் போவுமோ."

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ஆனால் மதாம் சும்மா இருக்கவில்லை. அமைச்சர்கள் சபையில் கொடுக்கும் உறுதிமொழிகளைக் குறித்துவைத்து, செய்தாயா என்று கேட்பதற்கென்றே அங்கே ஒரு குழு இருக்கிறதாம். ஒவ்வொரு மாதம் பிறந்ததும் அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம். தேதி போட்டு நகல் வைத்து, தபாலில் சேர்த்தது நான். என் கணக்குப் புத்தி ஓர் உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அப்போதுதான்.

இதற்கிடையில் பிள்ளைச்சாவடிக்கு வாரம் ஒருமுறை போய் அந்தப் பெண்களின் வசவைக் கேட்டுக்கொண்டு வந்தேன். நாலாவது வாரம் அந்த வலைக்காரப் பெண்ணே, "வாரா வாரம் திட்டியும் வரியே, உனுக்கு மானமே இல்லியா?" என்று சொல்லிவிட்டு, எந்தக் குப்பம் என்பதையும் சொன்னாள். மதாமும் நானும் மறுநாளே கடலூருக்குப் போனோம். அஞ்சலை எங்களைக் கண்டதும் பூங்காவனத்தை உள்ளே தள்ளிக் கதவை இழுத்துச் சாத்தினாள். வெளியே நின்றுகொண்டு பேசினாள்.

"மந்திரியே எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாரு அஞ்சலை, இதோ காகிதம்" என்றேன்.

"காயிதமா? அன்னிக்கும் காயிதத்த வச்சிக்கினுதானே சொன்ன? எந்தக் காயிதத்த நம்பறது?"

அவள் கேட்டது சரி. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. தெரியாம செஞ்சேன்னு சொல்லமாட்டேன். நீ கலங்கினது கண்ணுல பட்டுது. பட்டும் நிறுத்தல" என்றேன். அவள் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

மதாம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். கைப்பையிலிருந்து காகிதம் எடுத்து, மடியில் வைத்து எழுதினார். எந்த வார்டு, எந்தக் கட்டில், யார் இறந்தார், யார் மடியில் யார் குழந்தையைக் கொடுத்தார் என்று எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி இத எழுதியிருக்கணும். இந்தா. இது உனக்காக இல்ல, என் தப்புக்காக. விதி வரட்டும், நானே உன்கூட ஆபீசுக்கு வரேன். அதுவரைக்கும் வரணும்னு தோணலன்னா வராதே" என்றார். அதைக் கொடுத்தால் தமக்கு என்னென்ன தொல்லை வரும் என்பது அவருக்குத் தெரியும். பின்னால் ஆஸ்பத்திரியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோது, "ஆம், செய்தேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அஞ்சலை இரண்டு வாரம் கழித்துத் தானாகவே ஊர் திரும்பினாள். ஆனால் மதாம் வீட்டுப் பின்வாசலோடு நிற்பாள், உள்ளே வரமாட்டாள். என்னோடு பேச மேலும் மூன்று மாதம் ஆயிற்று.

ஏழு கடிதம் போனபின் விதிகள் வெளிவந்தன. கெஜட்டு மதாமுக்கு வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "நீயே தேடு" என்றார். ஆங்கிலத்தில் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். விரல் வைத்துத் தேடிக்கொண்டே போனேன். வளர்த்தவர், முதலில், கேட்க வேண்டும் என்ற சொற்களை அந்த நடவடிக்கைக் குறிப்பில் பார்த்துப் பார்த்து எனக்கு முகம் பழகியிருந்தது. கண்டுபிடித்து விரலை வைத்தேன். மதாம் நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்டார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனேன்.

விசாரணை கடற்கரைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நடந்தது. அதிகாரி நடுவயதுக்காரர், சிடுசிடுப்பானவர். ஆனாலும் விதியில் எழுதியிருந்ததால் அஞ்சலையைத்தான் முதலில் கேட்டார். அவள் மகளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "வெண்டைக்கா துன்ன மாட்டா. இடி இடிச்சா என் முந்தானைய புடிச்சிக்குவா. எடது காதுல சீழ் வரும், எண்ணெ காச்சி வுடணும். கேளுங்க, இன்னும் சொல்றேன்" என்றாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். பூங்காவனத்தைப் பார்த்து, "உங்க அம்மா யாரும்மா?" என்றார்.

"தோ நிக்கிறாங்களே, தெரியலியா?" என்றாள் அந்தப் பெண்.

சிடுசிடுப்புக்காரர் சிரித்துவிட்டார். குழந்தை அஞ்சலையிடமே வளர வேண்டும் என்று உத்தரவாயிற்று. வெளியே வந்ததும் அஞ்சலை என் பக்கம் திரும்பி, "நீ ஆபீசரா இருந்திருந்தா குடுத்திருக்க மாட்ட" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டாகவும் சொல்லவில்லை. மதாம் இருவர் தோளிலும் கை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்தார்.

இப்போது பூங்காவனம் பத்தாம் வகுப்பு. மதாமின் பதவிக்காலம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பழைய சக உறுப்பினர் ஒருவர் மசோதா நகல்களை அனுப்பிக்கொண்டேதான் இருந்தார், நம் ஞாயிற்றுக்கிழமையும் நடந்துகொண்டேதான் இருந்தது. கடைசியாக வந்தது வயதானவர்களுக்கு உதவித்தொகை பற்றிய ஒன்று. அதைப் பிரிப்பதற்குள் அவர் போய்விட்டார்; உறை என்னிடம்தான் இருந்தது.

அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு காலை, கோயிலிலிருந்து வந்தால் என் வீட்டு முன்கட்டில் ஆட்கள். மதாம் வீடு பூட்டியிருந்ததால் கோவிந்தன் அண்ணன் எல்லோரையும் இங்கே திருப்பிவிட்டிருந்தார். அஞ்சலை மகளோடு வந்திருந்தாள். யார் ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பூங்காவனம்தான் உறையைக் கிழித்து, தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு ஷரத்தைத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள். கிழவர் வேஷத்துக்கு கோவிந்தன் அண்ணனுக்கு ஒப்பனையே தேவையில்லை. அதிகாரி யார் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் மாட்டேன்" என்றேன்.

"அப்ப நான் ஆபீசரு" என்று சொல்லிவிட்டு, அஞ்சலை இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கோவிந்தன் அண்ணன் கைகட்டி நடுங்கிக்கொண்டு போய், "அம்மா, நான் வயசானவன்..." என்று தொடங்கினார்.

"இன்னாத்துக்கு நிக்கிற? மொதல்ல குந்து. பூங்கா, தாத்தாவுக்குத் தண்ணி குடு. அப்பால சொல்லு."

"மசோதாவுல அப்படி ஒண்ணும் போடலியே!" என்றார் கோவிந்தன் அண்ணன்.

"போடலன்னா போட்டுக்கச் சொல்லு. அதுக்குத்தானே இங்க வந்து குந்திக்கினு கீறோம்? எழுதிக்கோக்கா."

எழுதிக்கொண்டேன்: மனுதாரரை முதலில் உட்கார வைக்க வேண்டும். அந்த உறுப்பினருக்கு அனுப்பியும் விட்டேன். அவர் சபையில் சொல்வாரோ, சொன்னால் எத்தனை பேர் 'ஆம்' என்பார்களோ, தெரியாது. சொன்னதையும் செய்ததையும் திருத்திக்கொள்ள மனிதருக்கு இடம் உண்டு என்பதை மதாம் எனக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். சாமி மன்னிக்கும் என்று நான் எப்போதும் நம்பியிருந்தேன். வாயால் செய்த தவறை நாமே எழுந்து நின்று சரிசெய்யலாம் என்பது அவரிடமிருந்து கிடைத்தது. அவருடையது என்று நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.